கேலரியிலிருந்து இறங்கி வந்தவர்

கல்லூரிகளில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் பயிற்சியாளர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். சர்வீஸ் எப்படிப் போடவைப்பது, பிளாக் எப்படி நிறுத்துவது என்பதையெல்லாம் அவர்கள் செல்போனே என்னைவிட நன்றாகச் சொல்லிவிடும். வாங்கிய கோப்பைகளைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

எனக்கு உட்காருவதே கஷ்டம். விழுப்புரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியின் வாலிபால் அணியை இருபத்தாறு வருடம் நடத்தினேன். அத்தனை வருடத்திலும் ஒரு மேட்சைக்கூட முழுதாகப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததில்லை. கோட்டோரமாக நடந்துகொண்டே இருப்பேன். நடுவர் எச்சரித்தால் இரண்டு பாயிண்ட் வரைக்கும் உட்காருவேன், மறுபடி எழுந்துவிடுவேன். ஓய்வு பெற்று இத்தனை நாளாகியும் மாலை நாலரை ஆனால் கால் செருப்பைத் தேடுகிறது.

அதனால் கோப்பைகள் வேண்டாம். நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் இருந்தபோது மண்டலப் போட்டி திண்டிவனத்தில் நடந்தது. ஒரு கல்லூரியின் திறந்தவெளி மைதானம். ஒரு பக்கம் சிமெண்டுப் படிகள் கட்டிய கேலரி. முதல் நாள் காலை அரையிறுதி, மறுநாள் காலை இறுதிப் போட்டி. எங்கள் பிள்ளைகள் நல்ல நிலையில் இருந்தார்கள். அதற்கு முக்கியக் காரணம் அபிநயா.

அபிநயா எங்கள் செட்டர். யார் அடிக்க வேண்டும் என்று முடிவுசெய்து பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவள் கையில் பந்து பட்டால் எதிரணி பிளாக்கர்கள் தப்பான பக்கம் குதிப்பார்கள். அப்படி ஒரு செட்டர் எனக்கு அதற்கு முன்னாலும் வாய்க்கவில்லை, பின்னாலும் வாய்க்கவில்லை.

முதல் இரண்டு செட்டையும் சுலபமாக ஜெயித்தோம். மூன்றாவது செட்டின் நடுவில் அவளுக்கு என்னவோ ஆனது. தாழ்வாக வரும் பந்துக்குக் குனிவதை நிறுத்திவிட்டாள். கையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறாள். ஒவ்வொரு பாயிண்டுக்கும் நடுவில் ஷார்ட்ஸை முழங்காலை நோக்கி இழுத்து விட்டுக்கொள்கிறாள். எழும்பிக் குதிக்கவேண்டிய பந்துக்கு நின்ற இடத்திலிருந்தே கை கொடுக்கிறாள். அந்த செட் போனது. நாலாவது செட்டில் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. ஒரு சாதாரணப் பந்து அவள் காலடியில் விழுந்தது. அவள் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டைம் அவுட் கேட்டேன்.

டைம் அவுட் முப்பது நொடி. அவர்கள் கோட்டைத் தாண்டி நடந்து வருவதிலேயே அதில் பாதி போய்விடும்.

"என்னடி நெனச்சிக்கினு இருக்க? ஆட வந்தியா, நிக்க வந்தியா?" என்று கத்தினேன்.

அவள் தலை நிமிரவில்லை. "ஒண்ணும் இல்ல மேடம்."

அந்த 'ஒண்ணும் இல்ல' எனக்குத் திமிராகக் கேட்டது. கன்னத்தில் அடித்தேன்.

அடித்தேன் என்று எழுதுகிறேன். 'கை பட்டுவிட்டது' என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்த நாட்கள் உண்டு. அதில் உண்மை இல்லை. கை ஓங்கி, இறங்கி, பட்டது. அது என் முதல் அடியும் இல்லை. நான் ஆடக் கற்றதே அடி வாங்கித்தான். எங்கள் காலத்தில் பிரம்பு இல்லாத பயிற்சியாளரை யாரும் பார்த்ததில்லை. அடித்தால் பிள்ளை விழித்துக்கொள்ளும் என்று நான் மனதார நம்பினேன். சில சமயம் விழித்துக்கொள்ளவும் செய்தார்கள். அதுதான் ஆபத்து.

கேலரியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். ஒல்லியான மனிதர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வேட்டி, தோளில் துண்டு. கையில் ஒரு பாலிதீன் பை, அதற்குள் நாலைந்து ஆரஞ்சுப் பழங்கள். நடுவர் விசில் ஊதினார். அவர் நிற்கவில்லை. கோர்ட்டைக் குறுக்காகக் கடந்து நேராக அபிநயாவிடம் வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"வாம்மா, போலாம்."

"அப்பா, மேட்ச்சு…"

"வாம்மா."

தோளிலிருந்த துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் அதை ஷார்ட்ஸுக்கு மேலே இடுப்பில் சுற்றிக்கொண்டாள். அவளுடைய பையை அவரே தேடி எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். இருவரும் கேட்டைத் தாண்டிப் போனார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட இருக்காது.

நான் மாற்று ஆட்டக்காரியை இறக்கினேன். அந்த செட்டைத் தோற்றோம். ஐந்தாவது செட்டைப் பதினைந்துக்குப் பதின்மூன்று என்று எப்படியோ பிடித்தோம். ஜெயித்த பிறகு யாரும் குதிக்கவில்லை. எதிரணிக்குக் கை கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் குழாயடிக்குப் போனார்கள். கேப்டன் ஜெனிஃபர் மட்டும் கொஞ்ச நேரம் கழித்து வந்து நின்றாள்.

"மேடம், ஒண்ணு சொன்னா திட்டமாட்டீங்களே?"

"சொல்லு."

"அவங்க அப்பா வர்றது அவளுக்கே தெரியாது மேடம். மூணாவது செட்டுல கேலரியப் பாத்துட்டா. ஷார்ட்ஸ் போட்டுக்கினு ஆடுறத வீட்ல சொல்லல அவ. பேண்ட்டுன்னு சொல்லி வெச்சிருக்கா. அதான் குனிய முடியல. நீங்க கேட்டிருந்தா நாங்க சொல்லியிருப்போம்."

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வருடம் அணியில் சேர்ந்த புதிதில் அபிநயா என்னிடம் வந்து, "எங்க ஊரு ஆளுங்க வர்ற மேட்ச்சுல மட்டும் டிராக் பேண்ட்டு போட்டுக்கட்டுமா மேடம்?" என்று கேட்டிருந்தாள். "யூனிஃபார்ம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். ஏன் கேட்கிறாள் என்று கேட்கவில்லை.

பிள்ளைகளை உதவிப் பயிற்சியாளரோடு விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தபோது எங்கள் கல்லூரி முதல்வர் போனில் கூப்பிட்டார். யாரோ எடுத்த வீடியோ அதற்குள் கல்லூரி குரூப்புக்கு வந்துவிட்டிருந்தது.

"நீங்க யார்கிட்டயும் பேசாதீங்க மேடம். மன்னிப்பு கின்னிப்புன்னு எதுவும் கேட்டு வெக்காதீங்க. கேட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். புகார் வந்தா, தோள்ல தட்டி உற்சாகப்படுத்துனேன்னு எழுதிக் குடுங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "சரிங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பஸ் நிலையத்துக்குள் மூன்று தடவை சுற்றி வந்தேன். ஒரு டீ வாங்கிப் பாதியில் வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருக்க முடியாது என்று தெரிந்ததும் விழுப்புரம் போய், அங்கிருந்து திருவெண்ணெய்நல்லூர் பஸ் பிடித்தேன். உட்கார இடம் இருந்தும் நின்றபடியே போனேன். கண்டக்டர் இரண்டு தடவை இடத்தைக் காட்டிவிட்டு விட்டுவிட்டார்.

ஊருக்குள் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி நாலு இருக்கும். வாசலில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, காயப்போட்டிருந்தார்கள். அபிநயாவின் அம்மா காலால் அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரும்மா வேணும்?"

"காலேஜ் டீச்சருங்க."

அவர் கால் நின்றது. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். பின்னாலேயே அபிநயாவின் அப்பா ஏழுமலை வந்தார். கரும்பு வெட்டும் ஆட்களில் ஒருவர். அன்று வேலைக்குப் போகாமல் மகளின் ஆட்டத்தைப் பார்க்க வந்திருக்கிறார். அந்த வெள்ளைச் சட்டையை இன்னும் கழற்றவில்லை.

நான் உட்காரவில்லை. "அபிநயாவப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்க."

"அதான் காலையில பாத்தீங்களே. அத்தினி பேரும் பாத்தாங்க."

அரையிறுதி என்றால் எவ்வளவு முக்கியம், அந்த நேரத்தில் ஒரு பயிற்சியாளரின் தலையில் எவ்வளவு பாரம் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குப் பிடிக்காமல் போனது. பேச்சை மாற்றினேன். "ஷார்ட்ஸ் போட்டது அவ தப்பு இல்லைங்க. அது நான் போட்ட ரூலு. அதுக்காக அவள நிறுத்திடாதீங்க."

ஏழுமலை என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"டிராயரா? அதுக்குன்னா நெனச்சீங்க? பொய் சொல்லமாட்டேன் டீச்சரு, உள்ள வந்து பாத்ததும் திக்குன்னுதான் இருந்துச்சு. அப்புறம் பாத்தா எல்லாப் பொண்ணுங்களும் அதான் போட்டுக்கினு ஆடுது. சரி, ஆட்டத்துக்கு அப்பிடித்தான் போலன்னு உக்காந்துட்டேன். பக்கத்துல ஒருத்தரு, 'யாருப்பா அந்தப் பொண்ணு, பந்த என்னாமா தூக்கிக் குடுக்குது'ன்னாரு. எம்பொண்ணுன்னு சொன்னேன். சொல்லிக்கினே இருக்கேன், நீங்க அடிச்சிட்டீங்க."

கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடித் தோளைத் தடவினார். துண்டு அங்கே இல்லை.

"பொறந்ததுலருந்து நான் அவமேல கை வெச்சதில்ல. அவ அம்மா கைய ஓங்குனாக்கூட நடுவுல போயிடுவேன். வெட்டுற எடத்துல எவன் எவன்கிட்டயோ நான் பேச்சு வாங்கறேன், அது என்னோட போகட்டும். எம்பொண்ணு ஒருத்தர் முன்னாடி அப்பிடித் தலையத் தொங்கப் போட்டுக்கினு நிக்கக் கூடாதுன்னுதான காலேஜுக்கு அனுப்புறேன்?"

"தப்புதாங்க. என்ன மன்னிச்சிடுங்க."

"எங்கிட்ட இன்னாத்துக்கு? அடி வாங்குனது அவ. அதுவும், இங்க வாசல்ல நின்னு சொல்றது சுலுவு டீச்சரு, யாருக்கும் தெரியாது. எங்க அடிச்சீங்களோ அங்க சொல்லுங்க."

வாசற்படிக்கு உள்ளே அபிநயா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. "நாளைக்கு வர்றியாம்மா?" என்று கேட்டேன். "தெரியல மேடம்" என்றாள்.

மறுநாள் காலை திண்டிவனத்தில் பிள்ளைகள் பயிற்சிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைவிட அதிகம் நடந்திருப்பேன். எதிரணிப் பயிற்சியாளர் எனக்குப் பல வருடப் பழக்கம். வீடியோவைப் பார்த்திருக்கிறார். நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பைத்தியமா உனக்கு? மைக்ல கேட்டுட்டின்னா அப்புறம் ஒருத்தியும் உனக்குப் பயப்பட மாட்டா. ரிட்டையர் ஆற நேரத்துல எதுக்கு இந்தப் பேஜாரு?"

மணி ஒன்பதரை ஆனது. அபிநயா வரவில்லை. எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அவள்தான் வரவில்லையே, யாரிடம் கேட்பது? முதல்வரும் கேட்காதே என்றுதான் சொல்லியிருக்கிறார். எல்லாம் சௌகரியமாக அமைந்துவிட்டது. அந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் எனக்கு என் மேலேயே பயம் வந்தது. நேராக அறிவிப்பாளர் மேசைக்குப் போய் மைக் கேட்டேன். அவர் கொடுக்கத் தயங்கியபோது ஜெனிஃபர் ஓடி வந்தாள்.

"மேடம், கேட்டாண்ட நிக்கிறாங்க. அவளும் அவங்க அப்பாவும்."

அபிநயா சுடிதாரில் வந்திருந்தாள். இருவரும் உள்ளே வராமல் கேட் ஓரமாகவே நின்றார்கள்.

மைக்கில் நான் பேசியது நாலு வரிதான். "நேத்து இதே இடத்துல எங்க டீம் செட்டர் அபிநயாவ நான் அடிச்சேன். அவமேல எந்தத் தப்பும் இல்ல. அடிச்சது என் தப்பு. அபிநயா, எல்லாருக்கும் முன்னாடி உங்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்." கேலரியில் யாரோ சிரித்தார்கள். சிலர் செல்போனை உயர்த்தினார்கள். கை தட்டல் எதுவும் இல்லை.

அவர்கள் உள்ளே வந்தார்கள். ஏழுமலை என்னைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார். நான் அபிநயாவின் ஜெர்சியை எடுத்து நீட்டினேன். இருபது நிமிடத்தில் மேட்ச். அவள் அதை வாங்கவில்லை.

"இன்னைக்கு ஆடல மேடம். உக்காந்து பாக்கறேன்."

அந்த இடத்தில் எனக்கு வந்தது கோபம். இத்தனை பேர் முன்னால் தலைகுனிந்துவிட்டேன், இன்னும் என்ன வேண்டும் உனக்கு என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் தெரிந்தது, நான் கேட்ட மன்னிப்புக்குள் ஒரு மூலையில் இறுதிப் போட்டியும் இருந்திருக்கிறது. அவள் திரும்பி வருவாள், ஆடுவாள், ஜெயிப்போம் என்று ஒரு எதிர்பார்ப்பு. ஜெர்சியை மடித்துப் பையில் வைத்தேன். "சரிம்மா" என்றேன்.

நேர் செட்டில் தோற்றோம். அபிநயா பெஞ்சின் கடைசியில் அப்பாவோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பாயிண்டுக்கும் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். 'தோளில் தட்டினேன்' என்று எழுதச் சொன்ன காகிதத்தில் 'கன்னத்தில் அடித்தேன்' என்று எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். முதல்வர் என்னிடம் பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அபிநயா அடுத்த திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்தாள். மூன்றாம் வருடம் அவள்தான் கேப்டன். நன்றாக ஆடினாள், நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். ஆனால் நான் ஏதாவது சொல்ல வேகமாகக் கிட்டே போனால் அரை அடி பின்னால் நகர்வாள். கடைசி வரைக்கும் அது போகவில்லை. அந்த எதிரணிப் பயிற்சியாளர் சொன்னதுபோல மற்ற பிள்ளைகளுக்கு என்மேல் பயம் குறைந்தது உண்மைதான். கால் வலிக்கிறது, தூரமான நாள் வயிற்றுவலி, வீட்டில் பிரச்சினை என்றெல்லாம் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். இருபது வருடத்துக்கு மேலாக இதையெல்லாம் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்களோ.

டைம் அவுட்டில் முப்பது நொடி இருக்கிறது. "என்னம்மா ஆச்சு?" என்று கேட்க இரண்டு நொடி போதும். இளம் பயிற்சியாளர்களுக்கு இதைத்தான் எழுத நினைத்தேன். இதோடு முடித்திருக்கலாம். ஆனால் என்னால் முடிக்க முடியவில்லை.

அபிநயாவுக்கு முன்னால் நான் அடித்த பிள்ளைகள் யாருடைய அப்பாவும் கேலரியில் இல்லை. ஓய்வு பெற்றபின் அந்த நினைப்பு என்னை விடவில்லை. பழைய நம்பர்களைத் தேடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒருத்தி, "அதெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிக்கினு இருக்காங்க மேடம்" என்று சிரித்துவிட்டு, அடித்த தேதியைக் கிழமையோடு சொன்னாள். ஒருத்தி என் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிட்டாள். கலைச்செல்வி மட்டும் மிகுந்த சந்தோஷத்தோடு பேசினாள். என்னுடைய முதல் அணிகளில் ஆடியவள். இப்போது மேல்மலையனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை.

"மன்னிப்பா? இன்னா மேடம் பேசுறீங்க! அந்த அடியாலதான் நான் ஆளானேன். எங்க ஸ்கூலு பொண்ணுங்களயும் அப்பிடித்தான் பழக்கறேன். நீங்க ஒரு நாளு வந்து பாக்கணும்."

மறுநாளே கிளம்பினேன். அன்று அமாவாசை என்பதை மறந்துவிட்டேன். செஞ்சியிலிருந்து பஸ்ஸில் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் நெரித்தது, ஒற்றைக் காலில் நின்றுதான் போனேன். பள்ளி மைதானத்தில் கலைச்செல்வி எனக்காகப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்கள். பெருமையோடு விசில் ஊதி ஆட்டத்தைத் தொடங்கினாள். என் குரல், என் நடை, கோட்டோரமாக என்னைப் போலவே நடக்கிறாள்.

ஒரு பந்து ஒரு சிறுமியின் கையில் பட்டு வழுக்கிக் கோட்டுக்கு வெளியே உருண்டது. அவள் பந்து எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. கலைச்செல்வியின் வலது கையைப் பார்த்தாள்.

கலைச்செல்வி நடக்க ஆரம்பித்திருந்தாள். நான் கோட்டைத் தாண்டி உள்ளே போனேன். எனக்கு இப்போது வேகமாக ஓட வராது. ஆனாலும் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, அந்தப் பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் நின்றேன்.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். சிறுமி இப்போது என் கையைப் பார்த்தாள். நான் அங்கேயே நின்றேன்.